சிங்கப்பூரில் கான்ட்ராக்டர் ஆக எந்தப் பதிவு வேண்டும்? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

“கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கணும், எவ்வளவு செலவாகும்?” என்று யாராவது கேட்டால், “என்ன வேலை செய்யப் போறீங்க?” என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஏனென்றால் சிங்கப்பூரில் கான்ட்ராக்டர் லைசென்ஸ் என்று ஒரே ஒரு தாள் கிடையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் டைல்ஸ் மாற்றுகிறவருக்கு ஒரு பதிவு, தரைவீட்டை இடித்துக் கட்டுகிறவருக்கு இன்னொன்று, அரசாங்க வேலைக்கு ஏலக்குத்தகை (டெண்டர்) போடுகிறவருக்கு வேறொன்று. மெயின் கான், அதாவது முதன்மைக் கான்ட்ராக்டர் ஒருவரிடம் கம்பி கட்டும் வேலையைச் சப்-கானாக, அவருக்குக் கீழே துணைக் கான்ட்ராக்டராக, எடுப்பவருக்கு இந்த மூன்றுமே தேவைப்படாமல் போகலாம். எது யாருக்கு என்று தெரியாமல் ஏஜெண்டிடம் போனால், தேவையில்லாத தாளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுத்தான் வருவீர்கள்.

ஆகவே வேலையை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குரிய தாள் எது என்பதை இனிப் பார்க்கலாம்.

தொடங்கும் முன்: உங்கள் கையில் இருக்கும் பாஸ் என்ன?

சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் தடையில்லை. வொர்க் பர்மிட்டில் இருப்பவர் சொந்தமாகத் தொழில் நடத்தக் கூடாது. இது பர்மிட்டின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களும் மனிதவள அமைச்சின் ஒப்புதல் இல்லாமல் இன்னொரு கம்பெனியில் இயக்குநராக உட்கார முடியாது.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நிரந்தரவாசியாக இருக்கும் ஊர்க்காரர் அல்லது மச்சான் பெயரில் கம்பெனியைத் திறந்துவிட்டு, பர்மிட்டில் இருப்பவர் பின்னால் இருந்து நடத்துவது. பணம் போட்டவருக்குத் தாளில் ஓர் உரிமையும் இருக்காது. பெயர் கொடுத்தவர் தலையில் வரி, மசேநிதி (மத்திய சேம நிதி), விபத்து வழக்கு எல்லாம் விழும். விஷயம் வெளியே வந்தால் பர்மிட்டும் போகும், திரும்பி வரவும் முடியாது. பத்து வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படி வைக்காதீர்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் படி: நிறுவனப் பதிவு

எல்லாவற்றுக்கும் அடித்தளம் அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்வது. அதன் பிஸ்ஃபைல் தளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தைக் கொண்டு நுழைந்து நீங்களே செய்யலாம். பெயருக்கு 15 வெள்ளி, பிரைவேட் லிமிடெட் பதிவுக்கு 300 வெள்ளி. ஆக அரசாங்கக் கட்டணம் 315 வெள்ளிதான். ஏஜெண்ட் அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் அது அவருடைய கூலி என்று புரிந்துகொள்ளுங்கள். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். உள்ளூர் முகவரி வேண்டும். ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளரை நியமிக்க வேண்டும்.

தனியுரிமைத் தொழிலாகப் பதிவு செய்தால் செலவு குறைவு. ஆனால் கட்டுமானத்தில் ஓர் ஆள் சாரத்திலிருந்து விழுந்தாலோ பக்கத்து வீட்டுச் சுவர் விரிந்தாலோ நஷ்டஈடு உங்கள் சொந்தச் சொத்து வரை வரும். இந்தத் தொழிலுக்குப் பிரைவேட் லிமிடெட்தான் சரி என்பது என் அபிப்பிராயம்.

பதிவின்போது தொழில் வகைக்கு ஒரு குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கட்டுமானம் செய்யப் போகிறவர் அவசரத்தில் ‘பொது வர்த்தகம்’ என்று போட்டுவிட்டு, பிறகு கட்டுமான ஆட்களுக்குப் பர்மிட் கேட்கும்போது முழிப்பதுண்டு. செலுத்திய மூலதனம், அதாவது பங்குதாரர்கள் கம்பெனிக்குள் போட்ட பணம் என்ற கட்டத்தில் 1 வெள்ளி என்று போடுவதும் அப்படித்தான். சட்டப்படி அது போதும். ஆனால் பில்டர் லைசென்ஸுக்குப் போகும்போது போதாது. மூலதனத்தை உயர்த்தித் திரும்பவும் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பதிவு முடிந்ததும் யுஇஎன் என்ற நிறுவன அடையாள எண் கிடைக்கும். அரசாங்கத் தளங்களில் கம்பெனி சார்பாக நுழைய கார்ப்பாஸையும் அப்போதே ஏற்படுத்திவிடுங்கள்.

இரண்டாவது படி: பில்டர் லைசென்ஸ் தேவையா?

கட்டட, கட்டுமான ஆணையம், அதாவது பிசிஏ, 2009 ஜூன் 16 முதல் இந்த லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. 2004-இல் நிக்கல் நெடுஞ்சாலையில் சுரங்கப் பணி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வந்த திருத்தங்களின் வழியாகவே கட்டுபவருக்கும் லைசென்ஸ் என்ற ஏற்பாடு வந்தது.

தேவையா இல்லையா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்த வேலைக்குப் பிசிஏயிடம் வரைபட ஒப்புதல் வாங்க வேண்டுமா? வாங்க வேண்டும் என்றால் லைசென்ஸ் உள்ளவர்தான் கட்ட வேண்டும். கொண்டோவில் பெயிண்ட், தச்சு வேலை, ஃபால்ஸ் சீலிங் என்றால் நிர்வாகத்தின் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யலாம், பில்டர் லைசென்ஸ் வேண்டாம். அதே கொண்டோவில் கட்டமைப்பைத் தொடுகிற வேலை வந்தாலோ, தரைவீட்டில் ஒரு மாடி கூட்டினாலோ, தகுதிபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ வரைபடம் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கும் லைசென்ஸ் வேண்டும்.

வகைகள் மூன்று. ஜெனரல் பில்டர் கிளாஸ் 1-க்கு ஒப்பந்த மதிப்பில் வரம்பு கிடையாது. குறைந்தது 300,000 வெள்ளி செலுத்திய மூலதனம் வேண்டும். கிளாஸ் 2-க்கு 6 மில்லியன் வெள்ளி வரையிலான ஒப்பந்தங்கள்; மூலதனம் 25,000 வெள்ளி. மூன்றாவது ஸ்பெஷலிஸ்ட் பில்டர், இதற்கும் 25,000 வெள்ளி. பைலிங் (அஸ்திவாரத் தூண் இறக்குவது), மண் தாங்கலும் நிலைப்படுத்தலும், மண் பரிசோதனை, கட்டமைப்பு எஃகு வேலை, ப்ரீகாஸ்ட் கான்கிரீட், தளத்திலேயே செய்யும் போஸ்ட்-டென்ஷனிங் (கான்கிரீட்டுக்குள் கம்பிவடத்தை இழுத்து இறுக்குவது) ஆகிய ஆறும் ஸ்பெஷலிஸ்ட் வேலைகள்.

தரைவீடு கட்டிக் கொடுத்துப் பிழைக்க நினைப்பவருக்குக் கிளாஸ் 2 தாராளம். அந்த அளவிலான வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை 6 மில்லியனைத் தொடாது. வரம்பில்லாத லைசென்ஸ் இருந்தால் பெருமை என்பதற்காக 300,000 வெள்ளியைப் போட வேண்டாம்.

எஃகு வேலையில் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. தூண்களுக்கு இடைப்பட்ட தூரம் 6 மீட்டருக்குக் குறைவு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி 3 மீட்டருக்கு மிகாமல், பரப்பு 150 சதுர மீட்டருக்கு மிகாமல் இருந்தால் அது சிறு ஸ்பெஷலிஸ்ட் வேலை. வீட்டு வாசலில் கார் நிறுத்த எஃகுக் கூரை போடுவது பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். அதற்கென்று தனி எஃகு லைசென்ஸ் எடுக்காமல் ஜெனரல் பில்டரே செய்யலாம்.

சப்-கான் விஷயத்துக்கு வருவோம். லைசென்ஸ் உள்ள மெயின் கானுக்குக் கீழே ஃபார்ம்வொர்க், கம்பி, செங்கல், பூச்சு போன்ற பொதுவான வேலைகளை எடுக்கும் சப்-கானுக்குப் பில்டர் லைசென்ஸ் கட்டாயமில்லை. மேலே சொன்ன ஆறு ஸ்பெஷலிஸ்ட் வேலைகளில் ஒன்று என்றால் சப்-கானுக்கும் வேண்டும். நம் மக்களில் சூப்பர்வைசராக இருந்து முதலாளி ஆனவர்கள் பலரும் இப்படிச் சப்-கானாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல ஆரம்பம்தான். ஒரு நிபந்தனை: வாய்ப் பேச்சில் வேலை எடுக்காதீர்கள். செய்த வேலைக்குப் பணம் வராமல் போனால் கைகொடுக்க, கட்டுமானத் துறைப் பணம் செலுத்துதலைப் பாதுகாக்கும் சட்டம் 2005-லிருந்து நடப்பில் இருக்கிறது. “எனக்கு மேலே இருப்பவர் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன்” என்ற ஷரத்து அதன்படி செல்லாது. ஆனால் சட்டம் பாதுகாப்பது எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தை.

லைசென்ஸுக்கு வேண்டிய இரண்டு பேர்

மூலதனத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். விண்ணப்பங்கள் தடுக்கி விழும் இடம் ஆட்கள். ஒவ்வொரு லைசென்ஸுக்கும் ‘அப்ரூவ்டு பெர்சன்’ ஒருவரும் ‘டெக்னிக்கல் கன்ட்ரோலர்’ ஒருவரும் வேண்டும். முன்னவர் நிர்வாகத்துக்குப் பொறுப்பு. பின்னவர் வேலை எப்படி நடக்கிறது என்பதை மேற்பார்வை பார்க்க வேண்டியவர். பின்னவர் இயக்குநராகவோ பங்காளியாகவோ அதற்குச் சமமான பொறுப்புள்ள ஊழியராகவோ இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இன்னொரு லைசென்ஸ் கம்பெனிக்கும் அவர் பெயர் இருக்கக் கூடாது.

படிப்பும் அனுபவமும் சேர்த்துப் பார்ப்பார்கள். கட்டுமானம் சார்ந்த பட்டம் அல்லது டிப்ளோமா, அதற்கு மேல் களத்தில் சில ஆண்டுகள். கிளாஸுக்கு ஏற்ப ஆண்டுகள் மாறும். ஊரில் சிவில் முடித்தவர் பட்டச் சான்றிதழோடு மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாமல் அனுபவத்திலேயே மேலே வந்தவர்களுக்கு, பிசிஏ அகாடமியின் பயிற்சியை முடித்துக் கூடுதல் அனுபவத்தைக் காட்டும் வழி சில பொறுப்புகளுக்கு உண்டு.

அனுபவக் கடிதம் என்று பலர் கொண்டுவருவதில் இப்படித்தான் இருக்கும்: “இவர் எங்களிடம் 2012 முதல் 2019 வரை சூப்பர்வைசராக வேலை பார்த்தார். நல்ல உழைப்பாளி, நேர்மையானவர். இவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.” வாழ்த்து நன்றாகத்தான் இருக்கிறது, விண்ணப்பத்துக்கு ஒன்றுக்கும் உதவாது. கடிதத்தில் இருக்க வேண்டியது வேறு: எந்தப் புராஜெக்ட், எந்த இடம், என்ன வகைக் கட்டடம், ஒப்பந்த மதிப்பு எவ்வளவு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அதில் உங்கள் பொறுப்பு என்ன. நான்கு புராஜெக்ட் பார்த்திருந்தால் நான்குக்கும் தனித்தனி வரி. கம்பெனியை விட்டு வரும் நாளிலேயே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர் இருக்க மாட்டார். சில நேரம் கம்பெனியே இருக்காது.

சர்ட்டிஃபிகேட்டை வாடகைக்கு எடுப்பது தனிக் கதை. தளத்துப் பக்கமே வராத பொறியாளர் ஒருவரின் பெயரை மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி டெக்னிக்கல் கன்ட்ரோலர் கட்டத்தில் போடுவது. விபத்து நடந்தால் முதல் கேள்வி அவரிடம்தான் போகும். “எனக்கு இந்தத் தளமே தெரியாது” என்று அவர் சொன்ன நிமிடம், பொய்த் தகவல் கொடுத்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதைவிட, நம்பிக்கையான பொறியாளர் நண்பரை இயக்குநராகச் சேர்த்து ஒரு பங்கு கொடுப்பது மலிவு.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில், பிசிஏ தளத்தில் கார்ப்பாஸ் வழியாக. இரண்டு பேரும் தங்கள் ஒப்புதலைத் தர வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் லைசென்ஸ் வேலை செய்தால் அபராதத்தோடு சிறையும் உண்டு.

வீவக வீடுகளில் வேலை செய்ய

சிங்கப்பூரில் பெரும்பாலானோர் இருப்பது வீவக வீட்டில்தான். அங்கே மராமத்து செய்ய, வீவகவின் ரெனவேஷன் கான்ட்ராக்டர் பட்டியலில் உங்கள் நிறுவனம் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் சார்பாக ரெனவேஷன் பர்மிட்டுக்கு விண்ணப்பிப்பதும் கான்ட்ராக்டர்தான். பட்டியலில் இல்லாதவரால் அது முடியாது. பட்டியலில் சேர நிறுவனப் பதிவு, அனுபவம், வீவக விதிகள் பற்றிய பயிற்சி எல்லாம் கேட்பார்கள்.

இங்கும் பெயரைக் கடன் வாங்கும் பழக்கம் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஒருவர் பெயரில் பர்மிட், வேலை வேறொருவர். சுவரை அளவுக்கு மீறி இடித்தால் தண்டனைப் புள்ளி போவது பெயர் கொடுத்தவருக்கு. வீட்டுக்காரர்களும் இப்போது விவரமானவர்கள், கொட்டேஷன் வாங்கிய கையோடு வீவக தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.

பட்டியலில் வந்த பிறகு தினமும் கையில் இருக்க வேண்டிய விதிகள் இவை. பொதுவான வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. சத்தமான வேலை வாரநாள்களில் மட்டும், 9 முதல் 5 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. தரை ஓடுகளையோ சுவர்களையோ இடிப்பதை அடுத்தடுத்து 3 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. புது வீட்டுக்கு வேலையை முடிக்க 3 மாதம், பழைய வீட்டுக்கு 1 மாதம். புது வீட்டின் குளியலறைச் சுவர், தரை ஓடுகளை முதல் 3 ஆண்டுகளுக்குப் பெயர்க்க முடியாது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கெட்டுவிடும். வீட்டுக்காரர் “ராத்திரி ஏழு மணி வரைக்கும் பண்ணுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்பார். கீழ்வீட்டுக்காரர் சொல்வார்.

சில வேலைகளுக்கு வீவக பட்டியல் மட்டும் போதாது. மின்கம்பி மாற்ற எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். எலக்ட்ரீஷியன் நிலை உரிமத்துக்கு 45 கேவிஏ (மின்சுமை அளவு) வரை வரம்பு. எரிவாயுக் குழாய்க்கும் அதே ஆணையத்தின் தனி உரிமம். தண்ணீர்க் குழாய்க்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர். ஜன்னலுக்குப் பிசிஏ அங்கீகரித்த ஜன்னல் கான்ட்ராக்டர். பழைய வெளித்திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட் அரித்துப்போய்ச் சட்டமே கீழே விழுந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அதனால்தான் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் கட்டாயம் ஆனது, ஜன்னல் வேலைக்குத் தனிப் பதிவும் வந்தது. ஒருவரே எல்லாம் செய்யத் தேவையில்லை. உரிமம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய உரிம எண்ணைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க வேலைக்கு

பள்ளி, வீவக புளோக், நகர மன்றம் என்று அரசாங்கப் பக்கம் போக விரும்பினால்தான் பிசிஏயின் கான்ட்ராக்டர்கள் பதிவு முறை வேண்டும். தனியார் வேலைக்கு இது தேவையில்லை. பில்டர் லைசென்ஸ் என்பது கட்ட அனுமதி; இது அரசாங்கத்திடம் உங்கள் தகுதியைக் காட்டும் தரவரிசை. இரண்டையும் கொடுப்பது பிசிஏதான் என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வேலை வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு எண் உண்டு. சிடபிள்யூ01 பொதுக் கட்டடம், சிடபிள்யூ02 சிவில் பொறியியல், சிஆர் வரிசையில் உள்ளலங்காரம், பழுதுபார்ப்பு, பெயிண்டிங் போன்றவை, எம்இ வரிசையில் ஏர்கான், மின்சாரம், பிளம்பிங். சிடபிள்யூ தலைப்புகளில் சி3 தொடங்கி ஏ1 வரை ஏழு தரங்கள். சி3-க்கு மூலதனமும் நிகர மதிப்பும் 25,000 வெள்ளி இருந்தால் போதும். ஏ1-க்கு 15 மில்லியன் வெள்ளி. ஏ1-க்கு ஏலக்குத்தகை வரம்பு இல்லை. மற்ற தரங்களின் வரம்புகள் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பிசிஏ தளத்தில் பாருங்கள். சிடபிள்யூ இரண்டுக்கும் பில்டர் லைசென்ஸ் முன்நிபந்தனை. மேல் தரங்களுக்கு ஐஎஸ்ஓ 9001 (தரம்), 14001 (சுற்றுச்சூழல்), 45001 (பாதுகாப்பு) சான்றிதழ்களும் சேரும்.

இதில் சிரமமான பகுதி, இதுவரை செய்த வேலையை நிரூபிப்பது. வேலை ஒப்படைத்த கடிதம், கட்டணச் சான்று, முடிவுச் சான்று மூன்றும் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் “அண்ணே, ஓகே, நாளைக்கு ஆள் அனுப்புங்க” என்று வந்த செய்தியை வைத்து ஒரு லட்ச வெள்ளி வேலையை யாரும் நிரூபிக்க முடியாது. முதல் சின்ன வேலையிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு திறந்துவிடுங்கள். கெபிஸ் என்ற அரசாங்கக் கொள்முதல் தளத்தில் பதிந்துகொண்டால்தான் ஏலக்குத்தகைகளில் பங்கெடுக்க முடியும், அதையும் மறக்க வேண்டாம்.

ஆட்களை எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள்

லைசென்ஸ் கையில் வந்த சூட்டில் ஊரிலிருந்து பத்துப் பேரை வரவழைக்கும் ஆசை வரும். 2024 ஜனவரி 1 முதல் கட்டுமானத்தில் ஓர் உள்ளூர் முழுநேர ஊழியருக்கு 5 வெளிநாட்டு ஊழியர்கள் என்பதே வரம்பு. முன்பு 7 ஆக இருந்தது. வெளிநாட்டு ஆட்களுக்கு ஒதுக்கீடு கொடுத்துவந்த பழைய மேன்-இயர் முறையும் அன்றோடு போய்விட்டது. உள்ளூர் ஊழியர் என்று கணக்கில் வர, அவருக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளமும் மசேநிதியும் உண்மையாகவே போக வேண்டும். பாட்டியின் பெயரை எழுதி வைக்கிற வேலையெல்லாம் எடுபடாது.

லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி கட்டும் தீர்வை, உயர்திறன் ஊழியருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900. ஐந்து பேர் அடிப்படைத் திறன் என்றால் மாதம் 4,500 வெள்ளி, உயர்திறன் என்றால் 2,500. வித்தியாசம் மாதம் 2,000 வெள்ளி, வருடத்துக்கு 24,000. ஒரு கிளாஸ் 2 லைசென்ஸின் மூலதனமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆட்களைத் திறன் தேர்வுக்கு அனுப்பி மேலே ஏற்றுவது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஊழியருக்கும் 5,000 வெள்ளி பிணையுறுதி, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி, வேலையிடக் காய இழப்பீட்டுக் காப்புறுதி, தங்குமிடம் எல்லாம் இதற்கு மேல்.

கட்டுமானத் தளத்தை மனிதவள அமைச்சிடம் வேலையிடமாகப் பதிவு செய்வது தனி. சிறிய நிறுவனங்கள் பிஸ்சேஃப் என்ற வேலையிடப் பாதுகாப்புத் திட்டத்தின் படிகளில் ஆரம்பிப்பது நல்லது, மெயின் கான்கள் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். 2024 ஜூன் முதல் பாதுகாப்பு விதிமுறைகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 20,000-லிருந்து 50,000 வெள்ளி ஆகியிருக்கிறது. கிளாஸ் 1 ஆகி 20 மில்லியன் அல்லது அதற்கு மேற்பட்ட புராஜெக்ட் எடுக்கும் காலம் வந்தால் கோர்டிரேட் (கைவினைஞர்களுக்கான பிசிஏ பதிவு) பெற்ற ஃபோர்மேன்களும் கைவினைஞர்களும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேண்டும். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பதிவுக்குப் பின்

பில்டர் லைசென்ஸுக்கும் அரசாங்கப் பதிவுக்கும் காலாவதி உண்டு. காலாவதியாகி விட்டால் நடுவில் நிற்கும் வேலை சிக்கலாகிவிடும். அதனால் புதுப்பிக்கும் தேதியைக் கணக்குப்பிள்ளையிடம் விடாமல் உங்கள் கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இயக்குநரோ முகவரியோ மாறினால் 14 நாளுக்குள் அக்ராவிடம் தெரிவிக்க வேண்டும். அப்ரூவ்டு பெர்சனோ டெக்னிக்கல் கன்ட்ரோலரோ விலகினால் பிசிஏயிடம் உடனே சொல்லி, தகுதியுள்ள வேறொருவரைப் போட வேண்டும். அதற்காக, இருப்பவர் விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே அடுத்தவர் யார் என்று யோசித்து, அவருடைய அனுபவக் கடிதங்களைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. ஆண்டு விற்றுமுதல் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) பதிவும் கட்டாயம். 9 விழுக்காட்டைக் கணக்கில் எடுக்காமல் கொட்டேஷன் கொடுத்திருந்தால், அந்தப் பணம் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.